கண்டலமக் குளக்கரையில் ஒரு வழக்கு

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெரு மாத்தளை நகரைக் கடந்து நாலந்தை, நாவுல வழியாகத் தம்புள்ளையை அடைகின்றது. அத்தெருவில் பயணஞ் செய்வோர் அறிந்தோ அறியாமலோ நீரின் வழியொன்றையும் தொடர்ந்து செல்கின்றனர். பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், 1976ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக உக்குவளைக்கு வந்து, அங்குள்ள மின்நிலையத்தை இயக்கிவிட்டுச் சுது கங்கையில் விழுகின்றது. சுது கங்கை அம்பன் கங்கையோடு கலக்கிறது. போவத்தன்னையில் அந்நீரின் ஒரு பகுதி மீண்டும் திருப்பப்பட்டுக் கலா ஓயா வடிநிலத்துக்கு அனுப்பப்படுகின்றது. கலாவாவி நிறைந்தால் ஜயகங்கை என்னும் பழைய வாய்க்கால் அந்நீரை எப்பாவலையைத் தொட்டு அநுராதபுரம்வரை கொண்டுசெல்லும். மலையில் தொடங்கி வரண்ட நிலத்தில் முடியும் இந்த நீர்வழியை மனத்திற் கொண்டால், இக்கட்டுரையிற் கூறப்படும் வழக்குகளுள் முதன்மையான இரண்டு ஏன் ஒன்றுக்கொன்று உறவுடையன என்பது எளிதில் விளங்கும்.

சுற்றாடலையும் பொதுமக்களின் சுகாதாரத்தையும் காப்பதற்காக நீதிமன்றத்தை நாடுதல் அண்மைக் காலத்து வழக்கம் என்றும், அது மேனாட்டிலிருந்து இறக்குமதியானது என்றும் கருதுவோர் உளர். அக்கருத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றைச் சற்று ஆழமாக நோக்குவோருக்கு வேறொரு தோற்றமும் தென்படும். நிலம், காடு, நீர், நோய் ஆகியவை பற்றிய சட்டங்கள் இம்மாவட்டத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகச் செயற்பட்டு வந்துள்ளன. அச்சட்டங்களை யார் யாருக்கெதிராகப் பயன்படுத்தினர் என்பதே காலத்துக்குக் காலம் மாறியது. அந்த மாற்றத்தையே இங்கு ஆராய முற்படுகின்றோம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து தொடங்குவது பொருத்தமானது. அதற்கு மாறாக நிரூபிக்கப்படும்வரை காடுகளும் தரிசு நிலங்களும் பயிரிடப்படாது கிடக்கும் நிலங்களும் முடிக்குரியவை என்று அச்சட்டம் அனுமானித்தது. கண்டி மாகாணங்களிற் சேனைப் பயிர்ச்செய்கை நடைபெற்ற நிலங்களும் இவ்வனுமானத்துக்குள் அகப்பட்டன. தலைமுறை தலைமுறையாகக் காட்டை அரை உடைமையாகவும் அரை உறவாகவும் நடத்திவந்த கிராமத்தவனிடம் சன்னசு எங்கே, உறுதி எங்கே என்று கேட்டது புதிய ஆட்சி. இவ்வாறு முடிக்குரியதாக்கப்பட்ட நிலங்கள் பின்னர் காப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1848ஆம் ஆண்டுக் கலகத்துக்கு உடனடிக் காரணம் புதிய வரிகளே என்பர் வரலாற்றாசிரியர். ஆயினும் நிலத்தை இழந்த மனக்குறை அதன் அடியில் இருந்தது என்பதை எவரும் மறுப்பதில்லை. அவ்வாண்டு ஜூலை 26ஆந் திகதி கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் முடிசூட்டப்பட்டதும், அடுத்த சில நாட்களில் கலகக்காரர் மாத்தளை நகரைத் தாக்கியதும், ஆகஸ்ட் 8ஆந் திகதி வீர புரன் அப்பு கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டதும் பாடசாலை மாணவரும் அறிந்தவை. தம்புள்ளையின் பெயரை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் அதே சுற்றுவட்டாரத்தில் அதே முடிக்குரிய நிலம் பற்றிய தகராறு மீண்டும் எழுந்தபோது மக்கள் விகாரை முன்றிலிலும் கூடினர். ஆனால் இம்முறை சட்டத்தரணிகளும் உடன் வந்தனர்.

காடழிவு தன் விளைவைக் காட்ட நெடுங்காலம் செல்லவில்லை. மலைச்சரிவுகள் மொட்டையாகின, மழைநீர் மண்ணை அடித்துச் சென்றது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் இதனைக் கவலையோடு நோக்கியவர்களுள் ஒருவர். இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து ஜோசப் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையும் சேர்ந்து, 1873ஆம் ஆண்டில் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. தும்பறை மலைகள் என்றும் நக்கிள்ஸ் என்றும் வழங்கப்படும் தொடரின் உச்சிக் காடுகள், கோப்பியும் தேயிலையும் ஏறாமல் இன்றுவரை எஞ்சியிருப்பதற்கு இத்தடையும் ஒரு காரணம். பின்னர் வின்சென்ற் என்னும் காட்டதிகாரி 1882இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1885ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் காட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. இவை நல்ல சட்டங்களே. ஆனால் இவற்றின் கீழ் நீதவான் முன் நிறுத்தப்பட்டவன் பெரும்பாலும் விறகு வெட்டியவனும் சேனை எரித்தவனுமே அன்றி, ஆயிரக்கணக்கான ஏக்கரைச் சுட்டெரித்துத் தோட்டமாக்கியவன் அல்லன். அவன் உறுதி வைத்திருந்தான்.

சுகாதாரச் சட்டங்களின் கதையும் இதனை ஒத்ததே. 1862ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் தொல்லைகள் கட்டளைச் சட்டம் அடைபட்ட வாய்க்காலையும், முற்றத்துக் குப்பையையும், அழுகிய பண்டத்தையும் தண்டித்தது. நகரத்துச் சிறுகடைக்காரனுக்கு இச்சட்டம் நன்கு பழக்கமானது. அதே வேளையில், காப்பிப் பழத்தின் சதையை நீக்கிக் கழுவும் ஆலைகள் தோட்டங்களில் ஓடைகளின் அருகிலேயே அமைந்திருந்தன. நொதித்த கழிவு ஓடையிலேயே போய்ச் சேர்ந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியிற் குளித்தவரும் குடித்தவரும் அதற்கு எதிராக வழக்கிட வேண்டும் என்று நினைத்தும் பார்த்திரார்.

தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த நம் மக்கள் இச்சரித்திரத்தில் எங்கே நிற்கின்றனர் என்ற வினா இவ்விடத்து எழுதல் இயல்பு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே பல நாள் நடந்து, தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து அவர்கள் முதலில் வந்து சேர்ந்த மலைநாட்டு நகரம் மாத்தளையே. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் அவ்வழியில் எத்தனைபேரைக் கொண்டன என்பது பற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பலரைக் கொண்டன என்பதில் இல்லை. மாத்தளை முத்துமாரியம்மனை நோய் தீர்க்கும் தாயாக வணங்கும் மரபையும் இந்த நடையோடு சேர்த்தே நோக்க வேண்டும். 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1912ஆம் ஆண்டில் வைத்தியத் தேவைகள் பற்றியும் தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றியும் இரு சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. இவற்றை உன்னிப்பாக வாசிப்போர் ஒன்றைக் கவனிப்பர். கடமை தோட்ட முகாமையாளருக்கு உண்டு. மேற்பார்வை அரசாங்க உத்தியோகத்தருக்கு உண்டு. தொழிலாளிக்கு உள்ளது பராமரிக்கப்படும் நிலை மாத்திரமே. தன் லயத்தின் பீலியில் வரும் நீர் கெட்டுவிட்டது என்று அவன் வாதியாக நின்று கூறக்கூடிய மன்று எதனையும் அச்சட்டங்கள் ஏற்படுத்தவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் அவன் நாட்டுக்கே உரியவன் அல்லன் என்றாகிவிட்ட நிலையில், வழக்கு என்ற எண்ணமே எழ வழியில்லாமற் போயிற்று. இச்சிக்கல் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆக, ஏறத்தாழ 1980ஆம் ஆண்டுவரை சுற்றாடற் சட்டம் என்பது மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்ந்த ஒன்றாகவே இருந்தது. அரசு வழக்குத் தொடுக்கும். மக்கள் குற்றப்பணம் செலுத்துவர். அதன் திசை மாறத் தொடங்கியமைக்குப் பல காரணங்கள் உண்டு. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, சுற்றாடலைப் பாதுகாத்துப் பேணி மேம்படுத்துவது அரசின் கடமை என்று 27ஆம் உறுப்புரையின் 14ஆம் பந்தியிற் கூறியது. இயற்கையைப் பேணுதல் ஒவ்வோர் ஆளினதும் கடமை என்று 28ஆம் உறுப்புரை கூறியது. உடனே அடுத்த உறுப்புரையில், இவற்றை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்றும் கூறியது. கொடுத்த கையே பறித்தும் கொண்டது எனலாம். எனினும் அதே அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அடிப்படை உரிமை மீறல்களுக்கு உயர் நீதிமன்றத்தின் கதவையும், 140ஆம் உறுப்புரை எழுத்தாணை விண்ணப்பங்களுக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் கதவையும் திறந்து வைத்திருந்தன. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் மத்திய சுற்றாடல் அதிகார சபை 1981இல் உருவாயிற்று. அதே 1981இல் இளஞ் சட்டத்தரணிகள் சிலர் கூடி என்வயன்மென்டல் பவுண்டேசன் லிமிற்றெட் என்னும் அமைப்பைக் கொழும்பிலே தொடங்கினர். சட்டம் ஒன்று பிறந்த ஆண்டுகளிலேயே அதனைக் கையிலெடுத்து மன்றுக்குச் செல்வோரும் தோன்றியமை நம் நாட்டில் அடிக்கடி நிகழ்வதன்று.

இனிக் கண்டலமவுக்கு வருவோம்.

தம்புள்ளைக்குக் கிழக்கே, பாறைக் குன்றொன்றின் அடியில் விரிந்து கிடப்பது கண்டலமக் குளம். பழைய குளம், இந்நூற்றாண்டுக்கு முன்னைய நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புனரமைக்கப்பட்டது. சிகிரியா 1982இலும் தம்புள்ளைக் குகை விகாரை 1991இலும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் உல்லாசப் பயணிகளுக்கான பெரிய விடுதி ஒன்றைக் கட்டுவதற்குத் தனியார் நிறுவனம் ஒன்று முன்வந்தது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. முதலில் சிகிரியாவுக்கு அண்மையில் காட்டப்பட்ட இடத்தை விடுத்து, குளத்தை நோக்கிய இப்பாறைச் சரிவை அவரே விரும்பித் தெரிவுசெய்தார் என்பர். பாவா கட்டடக் கலையைக் கற்பதற்கு முன் சட்டம் பயின்று வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர் என்பது இவ்வழக்கை வாசிக்கும்போது புன்முறுவலை வரவழைக்கும் செய்தி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுந்த எதிர்ப்புச் சாதாரணமானதன்று. பிக்குமாரும் கமக்காரரும் சுற்றாடல் இயக்கத்தவரும் ஒன்றுசேர்ந்தனர். விடுதியின் கழிவுநீர் குளத்திற் சேரும் என்றும், அக்குளத்து நீரிலே வேளாண்மை செய்வோரும் குளிப்போரும் பாதிக்கப்படுவர் என்றும், காட்டுக்கும் வனவிலங்குக்கும் கேடு வரும் என்றும், பழம்பெரும் வழிபாட்டுத் தலத்தின் சூழல் குலையும் என்றும் அவர்கள் கூறினர். கழிவுநீரைச் சுத்திகரித்தே பயன்படுத்துவோம் என்றும், மரங்களைக் காத்தே கட்டுவோம் என்றும் மறுபக்கம் விடையளித்தது. இத்தகைய வாதங்களுள் எது சரி என்பதைத் தீர்மானிப்பதற்கு ஒரு பொறிமுறை வேண்டும் அல்லவா? அதுதான் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. இங்குதான் வரலாற்று மாணவன் நின்று நோக்கவேண்டிய ஒரு நுட்பம் உள்ளது.

1988ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் தேசிய சுற்றாடற் சட்டத்துள் தாக்க மதிப்பீட்டைப் புகுத்திவிட்டது. விதித்துரைக்கப்பட்ட கருத்திட்டங்கள் யாவும் மதிப்பீட்டின் பின்னரே அங்கீகரிக்கப்படலாம் என்று அது கூறியது. ஆனால் எவை விதித்துரைக்கப்பட்ட கருத்திட்டங்கள்? அதனைக் கூறும் வர்த்தமானி 1993 ஜூன் 24ஆந் திகதியே வெளிவந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் சட்டம் இருந்தது. அது எதற்குப் பொருந்தும் என்ற பட்டியல் இருக்கவில்லை. பூட்டு உண்டு, கதவு இல்லை என்ற நிலை. கண்டலம விவகாரம் அந்த இடைவெளியிலேயே நிகழ்ந்தது. பட்டியல் வெளிவந்தபோது, 99 அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகளும் அதிற் சேர்க்கப்பட்டிருந்தன. கண்டலம விடுதிக்கு அறைகள் 152.

இவ்வாறு முன்வாசல் அடைபட்டிருந்தமையால் வழக்குத் தொடுத்தோர் பக்கவாசலைத் தேடினர். கண்டுபிடித்தது, எவரும் எதிர்பாராத வகையில், காணிச் சட்டத்தில். விடுதி அமையவிருந்த நிலம் அரச காணி. 1840இல் முடிக்குரியதாக அனுமானிக்கப்பட்ட அதே வகை நிலம். அரச காணியைக் குத்தகைக்கு விடுவது 1947ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் கீழான ஒழுங்குவிதிகளாலும் ஆளப்படுவது. அவ்விதிகள், குத்தகை வழங்குமுன் அதுபற்றிப் பகிரங்க அறிவித்தல் கொடுத்து ஆட்சேபங்களுக்கு இடமளிக்க வேண்டும் என்கின்றன. இந்த அறிவித்தல் ஒழுங்காகக் கொடுக்கப்படவில்லை என்பதையே மனுதாரர் தம் வாதத்தின் மையமாக்கிக் காணி ஆணையாளருக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். இவ்வழக்குப் பின்னர் தெற்காசியச் சுற்றாடல் சட்டத் தீர்ப்புகளின் தொகுப்பில் 1994ஆம் ஆண்டு இடம்பெற்றுச் சட்ட மாணவரிடையே கண்டலம வழக்கு என்றே பெயர் பெற்றது.

நோக்குக: கிராமத்தவனின் காட்டை முடிக்கு உரியதாக்கிய சட்டமரபு, ஒன்றரை நூற்றாண்டின் பின்னர், அக்காட்டை முடி எவருக்கேனும் கொடுக்குமுன் கிராமத்தவனிடம் சொல்ல வேண்டும் என்ற கடமையையும் சுமந்து நின்றது. குளம் மாசுபடுமா, மாசுபடாதா என்பது பற்றி அவ்விதி எதுவும் கூறவில்லை. சொல்லாமற் செய்யாதே என்று மட்டும் கூறிற்று. சுற்றாடல் வழக்குகளிற் பெரும்பாலானவை நம் நாட்டில் இத்தகைய சிறிய, வரண்ட, எழுத்தர் மேசை விதிகளின் மேலேயே கட்டப்பட்டன என்பது இத்துறையின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலிற் கற்கவேண்டிய பாடம்.

வழக்கு விடுதியை நிறுத்தவில்லை. 1994இல் அது திறக்கப்பட்டது. பாறையோடு பாறையாக, தூண்களின்மேல் நின்று, கொடிகளால் மூடப்பட்டுக் கிடக்கும் அக்கட்டடம் இன்று பாவாவின் தலைசிறந்த ஆக்கங்களுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. 2000ஆம் ஆண்டில், பசுமைக் கட்டடங்களுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் லீட் சான்றிதழை அந்நாட்டுக்கு வெளியே முதன்முதலிற் பெற்ற விடுதியும் இதுவே. ஆகவே எதிர்த்தவர்கள் தவறிழைத்தனர் என்று முடிவு கூறுவோர் உளர். இக்கட்டுரையாளருக்கு அது உடன்பாடன்று. ஊர் திரண்டு எதிர்த்து, வழக்கும் தொடுத்து, நாடெங்கும் கண்கள் அக்குளத்தின்மேல் இருந்த நிலையிற் கட்டப்பட்ட விடுதி அது. அக்கண்கள் இல்லாதிருந்தால் அதன் கழிவுநீர் எவ்வழியே சென்றிருக்கும் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது. எதிர்ப்பின் வெற்றியைக் கட்டடம் எழும்பியதா இல்லையா என்பதைக் கொண்டு மாத்திரம் அளத்தல் பொருந்தாது. மறுபுறம், எதிர்த்தோர் கூறிய ஒவ்வோர் அச்சமும் மெய்யாயிற்று என்று சாதிப்பதும் வரலாறு ஆகாது.

இதே காலத்தில் மற்றொரு பழைய கருவியும் கூர் பெற்றது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை முதலாகவே பொதுத் தொல்லை ஒரு குற்றம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு, அத்தகைய தொல்லையை நீக்குமாறு நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்க நீதவானுக்கு அதிகாரம் அளிக்கின்றது. வீதி வேலைக்காகக் கல்லுடைத்த கியங்னாம் என்னும் கொரிய நிறுவனத்தின் வெடிவைப்பால் அல்லலுற்ற அயலவர் இவ்வழியை நாடினர். விவகாரம் மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்று 1994இல் தீர்க்கப்பட்டது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பெறாமல் இயங்கியமை அந்நிறுவனத்துக்குப் பெரும் பலவீனமாயிற்று. டொலமைட்டும் கருங்கல்லும் உடைபடும் மாத்தளைக் கிராமங்களுக்கு இவ்வழக்கின் பயன் மிகப் பெரிது. கொழும்புக்குப் போகவேண்டியதில்லை, அரசியலமைப்பைக் கற்க வேண்டியதில்லை, அண்மையிலுள்ள நீதவான் நீதிமன்றமே போதும். ஆனால் தொல்லை கண்ணுக்கும் காதுக்கும் புலப்படுவதாக இருத்தல் வேண்டும். தூசியும் அதிர்வும் வெடித்த சுவரும் நீதவானுக்கு விளங்கும். மெல்ல மெல்ல நீரிற் கரைவது விளங்காது.

இனி நீர்வழியே கீழிறங்குவோம். எப்பாவலைப் பொசுபேற்றுப் படிவத்தை அகழ்ந்தெடுப்பதற்கு அமெரிக்க நிறுவனமொன்றுடன் அரசு செய்யவிருந்த முப்பதாண்டு உடன்படிக்கையை எதிர்த்து, கமக்காரரும் விகாராதிபதி ஒருவரும் அடங்கிய அவ்வூர் மக்கள் சிலர் உயர் நீதிமன்றம் சென்றனர். எப்பாவலை அநுராதபுர மாவட்டத்தைச் சேர்ந்தது; எனினும் அவ்வழக்கில் அழிவை எதிர்நோக்கியவற்றுள் ஒன்று, மாத்தளைப் பக்கத்து ஓயாக்களால் நிறையும் கலாவாவியின் ஜயகங்கை. 2000ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி நீதியரசர் ஏ. ஆர். பி. அமரசிங்க வழங்கிய தீர்ப்பு இத்துறையில் ஒரு திருப்புமுனை. சமத்துவம், தொழில் புரியும் சுதந்திரம், விரும்பிய இடத்தில் வாழும் சுதந்திரம் ஆகிய அடிப்படை உரிமைகள் மீறப்படவிருப்பதாக நீதிமன்றம் கண்டது. முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இன்றி அவ்வுடன்படிக்கையில் இறங்கலாகாது எனத் தடுத்தது. பொதுமக்கள் எல்லோருக்கும் உரிய குறையை ஒருசிலர் தமதென்று கொண்டுவர முடியாது என்ற அரச தரப்பு வாதம் எடுபடவில்லை. குறை பலருடையது என்பதால் அது ஒருவருடையதும் இல்லை என்றாகிவிடுமா?

அத்தீர்ப்பின் பின்புலத்தில் வேறொரு மன்றின் குரலும் கேட்கின்றது. டான்யூப் நதியில் அணை கட்டுவது பற்றிய ஹங்கேரி – சிலோவாக்கியா வழக்கில், சருவதேச நீதிமன்றத்தின் உபதலைவராயிருந்த நம் நாட்டவரான சி. ஜி. வீரமந்திரி 1997 செப்டெம்பரில் தனித்தீர்ப்பொன்றை எழுதினார். அபிவிருத்தியும் சுற்றாடற் பாதுகாப்பும் பிணங்காது செல்லவேண்டும் என்பதற்கு அவர் எடுத்துக்காட்டியவற்றுள் இலங்கையின் பண்டைய குளங்களும் வாய்க்கால்களும் முக்கிய இடம் பெற்றன. நிலத்துக்கு அரசன் உரிமையாளன் அல்லன், காவலனே என்ற பௌத்த மரபையும் அவர் நினைவூட்டினார். நம் குளங்கள் ஹேக் நகரத்துக்குச் சென்று, அங்கிருந்து கொழும்பு நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தன எனலாம். தமிழகத்திலும் இதற்கு முந்திய ஆண்டிலேயே, பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஓகஸ்டில் அந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கியிருந்தது.

இதன் பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுவோம். 2007இல் விஜேபண்டா வழக்கில், தூய சுற்றாடலுக்கான உரிமை சமத்துவ உரிமையினுள்ளேயே அடங்கியுள்ளது என்று நீதியரசர் சிரானி திலகவர்தன கூறினார். 2019 ஏப்பிரில் 4ஆந் திகதி தீர்க்கப்பட்ட சுன்னாக வழக்கை யாழ்ப்பாண மாணவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மின்நிலையத்தின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்தமைக்காக, அப்பகுதி மக்களுக்கு 20 மில்லியன் ரூபா நட்டஈடு வழங்குமாறு நிறுவனம் பணிக்கப்பட்டது. அம்மனுவை 2015இல் தாக்கல் செய்தவர் சுன்னாகத்துக் கிணற்றுக்காரர் அல்லர். தெற்கிலிருந்து இயங்கிய சுற்றாடல் அமைப்பொன்றின் தலைவர். நீர் கெட்டால் இனம் பார்ப்பதில்லை என்று மேடைகளிற் சொல்வது எளிது. அதனை மனுவாக எழுதித் தாக்கல் செய்தவர் உண்டு என்பதை நாம் பதிவுசெய்ய வேண்டும்.

மாத்தளையில் இவற்றின் எதிரொலி ஒரே சீராக இல்லை. நக்கிள்ஸ் காடுகள் 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் பேணற் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டன. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறின. காட்டு நிழலில் நெடுங்காலம் ஏலம் பயிரிட்டு வாழ்ந்தோருக்கு இப்பாதுகாப்பு மனவருத்தத்தையே தந்தது; 1840ஐ நினைவூட்டும் வருத்தம் அது. காட்டைக் காக்கும் சட்டம் காட்டோரத்தவனை எவ்வாறு நடத்துகிறது என்பதும் சுற்றாடல் நீதியின் பாற்பட்டதே.

இன்னொரு துயரம் மாவட்டத்தின் கிழக்கெல்லையில் உள்ளது. வில்கமுவைப் பிரதேசத்துக் கமக்காரரிடையே, காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகின்றது. குடிநீரின் புளோரைட்டும் வன்தன்மையும், பயிர்நாசினிகள், பாரவுலோகங்கள், வெயிலில் உழைப்போரின் நீரிழப்பு எனப் பல கருதுகோள்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. எதுவும் தனித்து நிறுவப்படவில்லை. கிளைபொசேற்று என்னும் களைநாசினி 2015இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அத்தடையும் தளர்வும் அரசாங்க ஆணைகளாக வந்தவையே அன்றி வழக்காடிப் பெற்றவை அல்ல. வழக்கென்று வந்தால் எதிராளி யார்? நோயின் பெயரிலேயே காரணம் அறியப்படாத என்ற சொற்கள் உள்ளன. இன்னாரின் இச்செயலால் இக்கேடு விளைந்தது என்ற சங்கிலியைச் சட்டம் கேட்கின்றது. அறிவியலோ அச்சங்கிலியின் பல கண்ணிகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இத்தகைய நிலைக்கென்றே பிறந்தது. ஆனால் அது எதனைத் தடுக்க வேண்டும் என்று தெரிந்த இடத்திலேயே நன்றாக வேலை செய்கின்றது. வில்கமுவையில் ஒரு கருத்திட்டத்தை நிறுத்துமாறு கேட்க முடியாது. நல்ல குடிநீரைத் தருமாறு கேட்க முடியும். கண்டலம முதல் சுன்னாகம்வரை வந்த வழக்குகள் வேண்டாதன செய்வதைத் தடுப்பதிலும், செய்த கேட்டுக்கு ஈடு பெறுவதிலும் தேர்ந்தவை. வேண்டியதைச் செய்விப்பதில் அவற்றின் கை இன்னும் பழகவில்லை.

தோட்டங்களுக்கும் இக்கூற்றுப் பொருந்தும். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் முதற் பந்தி, சட்டத்தின் முன் சமமானோர் எல்லா ஆட்களும் என்கின்றது. பிரசைகள் என்று அது கூறவில்லை. ஆதலின் தூய சுற்றாடலுக்கான உரிமை அப்பந்தியினுள் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியபோது, றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் லயங்களில் வாழ்வோரும் அதனுள் அடங்கினர். ஆனால் 126ஆம் உறுப்புரையின் கீழ் மனுவைத் தாக்கல் செய்வதற்கு மீறல் நிகழ்ந்து ஒரு மாத காலமே உண்டு. தாக்க மதிப்பீட்டு அறிக்கை பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் வெளிவர வேண்டும். அதன்மேற் கருத்துரைக்க முப்பது நாட்கள். தமிழ்ப் பத்திரிகையில் அறிவித்தல் வருகின்றது. அறிக்கையோ பல நூறு பக்கங்கள் கொண்டது. குறித்த அலுவலகத்திற் குறித்த நேரத்திற் சென்று பார்க்க வேண்டியது. அலுவலக நேரமும் தோட்டத்துப் பிரட்டு நேரமும் ஒன்றாகவே அமைந்துள்ளன. அங்கு செல்வோர் ஒரு நாட் பேரை இழக்க வேண்டும்.

சட்டபீட மாணவர் இருவரோ மூவரோ அந்த முப்பது நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்து, அறிக்கையின் படியோடு மாத்தளைப் பேருந்தில் ஏறினால், முன்னிரவுக்குள் ஒரு லயத்து வாசலிலேனும் அதனை வாசித்துக் காட்டிவிட்டுத் திரும்பலாம். பேராதனைச் சந்தியிலிருந்து கண்டிக்குப் போய், அங்கிருந்து மாத்தளைக்கு அடிக்கடி பேருந்து உண்டு.